கையை வழுக்கிய நட்டு: கப்பலூரில் ஒரு விரிசல் விசாரணை

"தம்பி, பெட்டி உடையுது. உடையுதுன்னா இங்க உடையல. இங்க நல்லாத்தான் பேக் பண்ணி அனுப்புறோம். கோயம்புத்தூர் போய் உடையுது."

மதுரை பக்கத்துக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் சித்திரை வெயிலில் போனில் சொன்னது இது. அவர் பெயரும் யூனிட் பெயரும் இங்கே வேண்டாம். படுக்கைவச மெஷின் மூன்று, புதிதாக வாங்கிய வெர்டிகல் (செங்குத்து) மெஷின் ஒன்று, இருபது பேருக்குள் ஆட்கள். விரிசல் வந்தது அந்தப் புது மெஷினில் ஓடிய பெட்டியில். மெஷின் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் குரலில் அது தெரிந்தது.

பெட்டி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போர்வெல் மோட்டாருக்கான ஒரு சின்ன கன்ட்ரோல் யூனிட்டின் அடிப்பாகம் அது. 90க்கு 70 மி.மீ., உயரம் 40, சாம்பல் நிறப் பாலிகார்பனேட். நான்கு மூலையிலும் தூண் மாதிரி ஒரு பாஸ், அதற்குள் எம்4 மரை போட்ட பித்தளை நட்டு. நட்டின் வெளி விட்டம் 6, உயரம் 8 மி.மீ., பிடிமானத்துக்காக வெளியே நர்லிங், அதாவது சொரசொரப்பு வெட்டு. எலக்ட்ரீஷியன் வருஷத்துக்கு நாலு தடவை மூடியைக் கழற்றி மாட்டுவார். வெறும் பிளாஸ்டிக்கில் மரை போட்டால் இரண்டாவது தடவையே லொடலொடவென்று ஆகிவிடும். அதற்குத்தான் பித்தளை.

ஆரம்பத்தில் இந்த யூனிட் பெட்டியைத் தனியாக ஓட்டி, அப்புறம் சால்டரிங் அயர்னால் நட்டைச் சூடாக்கிப் பாஸுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தது. கை வேலை. ஒன்று நேராக நிற்கும், ஒன்று சாய்ந்து நிற்கும், சில நட்டு ஸ்க்ரூவோடு சேர்ந்தே சுற்றும். வாடிக்கையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நட்டை உள்ளே வைத்தே மோல்டு பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார்.

படுக்கைவச மெஷினிலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். அங்கே டையின், அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கிற இரும்பு அச்சின், இரண்டு பாதியும் செங்குத்தாக எதிரெதிரே நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் நட்டைச் சொருகி வைக்க வேண்டும். இரும்பாக இருந்தால் காந்தம் வைத்துப் பிடிக்கலாம், பித்தளையிடம் அது செல்லாது. டை மூடும்போது வருகிற அதிர்வில் ஒரு நட்டு நழுவி, இரண்டு பாதிக்கும் நடுவில் சிக்கி, மூடும் முகத்தில் பள்ளம் போட்டுவிட்டது. டூல் ரூமுக்குப் போய்ச் சரிபண்ணி வர ஒரு வாரம். அன்றைக்குத்தான் வெர்டிகல் வாங்குவது என்று முடிவெடுத்தாராம்.

அந்த முடிவில் தப்பில்லை. வெர்டிகல் மெஷினில் டையின் கீழ்ப்பாதி மேலே பார்த்துப் படுத்திருக்கும், மேல்பாதி இறங்கி வந்து மூடும். பின்னில் வைத்த நட்டு தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும், யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். இவர் வாங்கியது 55 டன், சுழலும் மேசை வைத்தது. மேசையில் இரண்டு கீழ்ப்பாதி, மேலே ஒரே ஒரு மேல்பாதி. இட்லி ஒரு ஈடு வேகும்போது அடுத்த தட்டில் மாவு ஊற்றுகிற கதைதான். ஒரு கீழ்ப்பாதி உள்ளே பிளாஸ்டிக் வாங்கி ஆறிக்கொண்டிருக்கும்போது, வெளியே நிற்கிற இன்னொன்றில் ஆபரேட்டர் போன பெட்டியை எடுத்துவிட்டு நான்கு நட்டை வைப்பார். மேசை அரை வட்டம் திரும்பும். நட்டு வைக்கிற நேரம் சைக்கிள் நேரத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இந்தப் பெட்டிக்கு 38 விநாடி சைக்கிள். எடுத்து வைக்க 15 விநாடிதான் பிடிக்கும்.

டன் என்பது பிளாஸ்டிக்கை அமுக்கும்போது டை திறந்துவிடாமல் மூடிப் பிடிக்கிற விசை. அந்தக் கணக்கும் சரியாகவே இருந்தது. 9க்கு 7 என்றால் 63 சதுர செ.மீ. பரப்பு. பாலிகார்பனேட்டுக்குச் சதுர செ.மீ.க்கு அரை டன்னிலிருந்து சற்று மேலே வைத்துப் பார்த்தால் 32 முதல் 38 டன் வரும். 55 டன் தாராளம்.

வெர்டிகல் என்றதும் ஏதோ புது நாகரிகம் என்று நம் ஆட்கள் பேசுகிறார்கள். மதுரைப் புதூர் பக்கமும் கப்பலூரிலும் தொழில் ஆரம்பித்த பலர் முதலில் தொட்டதே செங்குத்து மெஷின்தான். நெம்புகோலைப் பிடித்து இழுத்து, மேலேயிருந்து உருகிய பிளாஸ்டிக்கை டைக்குள் அமுக்குகிற ஹேண்ட் மோல்டிங் மெஷின் செங்குத்தாகத்தானே நின்றது? கீ செயினும் சுவிட்ச் குமிழும் அதில்தான் அடித்தார்கள். கை பக்கத்தில் இருக்கிற மெஷின் அது. புது வெர்டிகலும் அப்படித்தான், ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது பிளாஸ்டிக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும், ஒரு மனிதக் கை உள்ளே போய் வரும். இந்த வழக்கு கடைசியில் அந்தக் கையில்தான் போய் முடிந்தது.

சரி, விரிசலுக்கு வருவோம்.

திரும்பி வந்த பெட்டிகளில் பத்துப் பதினைந்தை மேசையில் பரப்பினோம். எல்லாவற்றிலும் விரிசல் பாஸில்தான். மேலிருந்து கீழாக, தூணின் நீளவாக்கில், மெல்லிய கோடு. சிலவற்றில் ஒரு மூலையில் மட்டும், சிலவற்றில் மூன்று மூலையிலும். அண்ணனுக்கு ஆறவே இல்லை. "சுத்தியலால அடிச்சாலும் உடையாத மெட்டீரியல்னு சொல்லித்தானே தம்பி கிலோவுக்கு அவ்வளவு குடுத்து வாங்குறோம்" என்றார். அடித்தும் காட்டினார். நிஜம்தான். நட்டு இல்லாத பக்கவாட்டுச் சுவர் பள்ளம் விழுந்து வெளுத்ததே தவிர உடையவில்லை.

வாடிக்கையாளர் தரப்பில் சொன்ன காரணம், கழிவுப் பிளாஸ்டிக்கை அரைத்த மெட்டீரியலைக் கலந்துவிட்டீர்கள் என்பது. இங்கே சொன்ன காரணம், நீங்கள் ஏர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கண்டபடி முறுக்குகிறீர்கள் என்பது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லலாம். முறுக்கு விஷயத்தை முதலில் முடித்தோம். அன்று ஓடிய பெட்டிகளில் இருபதை, ஒரு ஸ்க்ரூகூடப் போடாமல், அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினோம். நான்காம் நாள் திறந்தால் ஐந்தில் விரிசல். ஸ்க்ரூ குற்றவாளி இல்லை. அடுத்து, அரைத்தது ஒரு குருணைகூடக் கலக்காமல் சுத்த மெட்டீரியலில் ஓட்டினோம். அதிலும் வந்தது. ஈரமா என்று பார்த்தோம். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் ஓட்டினால் உருகும்போதே அதன் சங்கிலி அறுந்து பலம் போய்விடும். இங்கே டிரே டிரையர் ஒழுங்காக ஓடியது, ஈரம் இருந்தால் பெட்டியில் தெரிகிற வெள்ளிக் கோடும் இல்லை. அதையும் தள்ளினோம்.

அப்புறம்தான் ஷிப்ட் வாரியாகப் பிரித்து வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் நாளே செய்திருக்க வேண்டும். பகல் ஷிப்ட் பெட்டி இருபது, இரவு ஷிப்ட் பெட்டி இருபது, தனித்தனித் தட்டில். நான்கு நாளில் பகல் தட்டில் ஒன்றே ஒன்று, இரவுத் தட்டில் ஒன்பது.

வெளிச்சம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது தப்பான வெளிச்சம். இரவு என்றால் என்ன வித்தியாசம்? காற்று குளிர்ச்சி, டைக்குப் போகிற தண்ணீர் குளிர்ச்சி, கரன்ட் போய் வந்தால் பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலில் தேங்கிய மெட்டீரியல் கருகுவது. எல்லாம் சூடு சம்பந்தப்பட்டவை. இரண்டு இரவு அங்கேயே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தேன். பேரல் சூடு பகலில் இருந்ததுதான். டை பகலில் 45 டிகிரி, இரவில் 42. மூன்று டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசம் வராது. இரவு ஆபரேட்டர் ஒரு வட மாநிலத் தம்பி, நல்ல வேகம். பையிலிருந்து நட்டை அள்ளுவது, நான்கு பின்னில் டக் டக்கென்று வைப்பது, இரண்டு கையாலும் பட்டனை அமுக்குவது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

(பட்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெர்டிகலில் இரண்டு கைப் பட்டனும், கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரையும் இருக்கும். வேகத்துக்காக அதை ஒரு துண்டு வயரால் ஏமாற்றி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு டீ கொடுத்தாலும் இறங்காது. இந்த யூனிட்டில் அந்தக் கூத்து இல்லை.)

மூன்றாம் நாள் பகல் ஷிப்டில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற அக்கா ஒருவர் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய பருத்தித் துண்டு. நட்டை ஒரு பிடி அதில் கொட்டி, துண்டோடு சேர்த்து உள்ளங்கையில் உருட்டி, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். துண்டு அங்கங்கே பழுப்பாக ஊறிப்போயிருந்தது.

"எதுக்குக்கா தொடைக்கிறீங்க?"

"எண்ணெயா இருக்கு சார். விரல்ல நிக்க மாட்டேங்குது, வழுக்குது. பின்னுல வைக்கும்போது நழுவி டைக்குள்ள விழுந்துருச்சுன்னா மெஷினை நிப்பாட்டணும்ல."

"யாரு சொன்னா தொடைக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

எந்தக் காகிதத்திலும் அது இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. நாங்கள் ஷிப்ட் வித்தியாசம் என்று எழுதி வைத்தது அவர் மடியிலிருந்த துண்டுதான்.

அங்கேயே ஒரு விரிசல் பாஸை வெட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பாலிகார்பனேட் பலம் தாங்காமல் உடைந்தால் முதலில் இழுபடும், வெளுக்கும், பிய்ந்த ஓரம் கரடுமுரடாக இருக்கும். இந்த ஓரம் கண்ணாடி உடைந்த மாதிரி வழுவழுவென்று மின்னியது. ஆரம்பித்த இடம் உள்பக்கம், நர்லிங்கின் கூர்மையான கீழ் விளிம்பு தொடுகிற இடம். இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்த மினுக்கம் தெரியும். பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கும், அந்த இடத்தில் அதற்கு ஒத்துக்கொள்ளாத எண்ணெயோ கரைப்பானோ தொடும். உடனே ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெதுவாகப் பிளக்கும். அதனால்தான் இங்கே பேக் பண்ணும்போது நல்லதாக இருந்து, கோயம்புத்தூர் போய் வாயைப் பிளந்தது.

இழுத்துக் கட்டியது யார் என்று கேட்டால், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை ஆறிச் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இங்கே பட்டை பிளாஸ்டிக், சக்கரம் பித்தளை நட்டு. வண்டிக்காரருக்கு அந்த இறுக்கம் வேண்டும், நமக்கு அதுதான் வம்பு.

கணக்காகப் போட்டால் இப்படி வரும். பாலிகார்பனேட் 145 டிகிரி வாக்கில் இறுகி நிற்க ஆரம்பிக்கும். அங்கிருந்து நம்மூர் 30 டிகிரிக்கு வர 115 டிகிரி ஆற வேண்டும். ஒரு டிகிரிக்கு அது பத்து லட்சத்தில் சுமார் 68 பங்கு சுருங்கும். மொத்தம் 0.78 சதவீதம். பித்தளை டிகிரிக்கு 19 பங்குதான். அதிலும் நட்டு குளிர்ந்த நிலையில் டைக்குள் போனால், அதன் பங்குக்குச் சுருங்க அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆக அந்த 0.78 சதவீதமும் பாஸின் தலையில். 6 மி.மீ. விட்டத்தில் அது 0.047 மி.மீ., ஒரு தலைமயிர் கனம்கூட வராது. ஆனால் பாலிகார்பனேட்டை நிரந்தரமாக இவ்வளவு இழுத்து வைத்தால் காற்றில் இருந்தாலே தடுமாறும், எண்ணெய் பட்டால் கேட்கவே வேண்டாம்.

இது வாயால் சொல்வது. அண்ணன் நம்ப வேண்டும், அவரைவிட முக்கியமாக வாடிக்கையாளரும், நட்டைக் கடைந்து கொடுக்கிற டர்னிங் கடைக்காரரும் நம்ப வேண்டும். அதற்காக ஒரு சின்னச் சோதனை வைத்தோம். நட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஓட்டிய நல்ல பெட்டி ஐந்து. நட்டே வைக்காமல், பின்னை மட்டும் விட்டு ஓட்டிய பெட்டி ஐந்து. டர்னிங் கடையிலிருந்து அவர்கள் பயன்படுத்துகிற அதே கட்டிங் ஆயிலைக் கொஞ்சம் பாட்டிலில் வாங்கி வந்து, ஊசி போடுகிற சிரிஞ்சால் பத்துப் பெட்டியிலும் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சொட்டு விட்டோம். சாயங்காலம் ஆறு மணி. கதவைப் பூட்டிவிட்டுப் பருத்திப்பால் குடிக்கப் போய்விட்டோம்.

காலையில் திறந்தபோது, நட்டு இருந்த ஐந்தில் மூன்று பிளந்திருந்தது. மதியத்துக்குள் நான்காவது. நட்டு இல்லாத ஐந்தில் ஒரு கோடுகூட இல்லை. அவை இன்றுவரை அந்த அலமாரியில் எண்ணெயோடு கிடக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. பஞ்சு தனியாக இருந்தாலும் பயமில்லை, நெருப்பு தனியாக இருந்தாலும் பயமில்லை. அண்ணன் அந்த இரண்டு வரிசையையும் போனில் படம் எடுத்து, அங்கேயே நின்று டர்னிங் கடைக்கு அனுப்பினார். என்ன எழுதி அனுப்பினார் என்று இங்கே எழுத முடியாது.

டர்னிங் கடையை மட்டும் திட்டிப் பயனில்லை என்பது என் கருத்து. எண்ணெய் இல்லாமல் கடைசல் வேலை நடக்காது, கழுவிக் கொடு என்று ஆர்டரில் யாரும் எழுதவும் இல்லை. இந்த யூனிட்டில் பிளாஸ்டிக் குருணைக்கு எவ்வளவு உபசாரம் நடக்கிறது பாருங்கள். மூடிய மூட்டை, 120 டிகிரி, நான்கு மணி நேரம், ஹாப்பருக்கு மூடி, ஈரம் பட்டால் திட்டு. அதே டைக்குள், அதே ஷாட்டில் போகிற நட்டு, தரையில் கிடக்கும் சாக்குப் பையிலிருந்து எண்ணெயோடும் தூளோடும் அப்படியே போகிறது. உலோகத்தை உள்ளே வைத்து வார்க்கிற இன்சர்ட் மோல்டிங்கில் மெட்டீரியல் இரண்டு. வெர்டிகல் வாங்குகிற நிறையப் பேர் ஒன்றுக்கு மட்டும்தான் டிரையர் வாங்குகிறார்கள்.

திருத்த வேலை ஒரே நாளில் நடக்கவில்லை. கழுவச் சொன்ன முதல் நாளே ஒருவர் தின்னரில் போட்டு அலசிவிட்டார். எண்ணெய் போய்விட்டது, நர்லிங் பள்ளத்தில் தின்னர் நின்றுவிட்டது. பாலிகார்பனேட்டுக்குத் தின்னர் எண்ணெயைவிட மோசமான பகை. அந்த லாட் முழுக்க அரவைக்குப் போனது. இப்போது வழக்கம் இது: வெந்நீரில் சோப்பு போட்டு ஒரு அலசல், நல்ல தண்ணீரில் இரண்டு அலசல், ஏர் அடித்து, அப்புறம் குருணை உலர்கிற அதே டிரே டிரையரின் மேல் தட்டில் நட்டு. இரண்டு மெட்டீரியலுக்கும் ஒரே அடுப்பு. மோல்டிங் ஆள் அங்கிருந்துதான் நட்டை எடுக்க வேண்டும், சாக்குப் பை ஷாப் ஃப்ளோருக்கே வரக் கூடாது.

எண்ணெயை ஒழித்தால் பாதிதான் முடிந்தது. கோயம்புத்தூரில் மூடியை மாட்டுகிறவர் ஸ்க்ரூவுக்கு எண்ணெய் தடவமாட்டார் என்று யார் உத்தரவாதம் தருவது? இழுவிசையையும் குறைத்தாக வேண்டும். அதற்கு அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் நிறமில்லாத பாலிகார்பனேட்டை வாங்கிப் பத்து ஷாட் ஓட்டினோம். டவுன்ஹால் ரோட்டில் செல்போன் பழுது பார்க்கிற கடையில், உடைந்த திரையிலிருந்து உரித்த போலரைசர் தாள் (ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிற தாள்) ஒன்று கேட்டு வாங்கினேன். பழைய எல்.சி.டி. மானிட்டரில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, அதன் முன்னால் பெட்டியைப் பிடித்து, தாளைக் கண்ணுக்கு முன்னால் வைத்துச் சுழற்றினால், ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும், பெட்டி மட்டும் வண்ணத்தில் நிற்கும். இழுவிசை இருக்கிற இடமெல்லாம் வானவில். நான்கு பாஸைச் சுற்றியும் மயில் தோகைக் கண் மாதிரி வளையத்துக்குள் வளையம், நெருக்கியடித்து. சூப்பர்வைசர் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் திருப்பித் தரவே இல்லை.

டையை 45 டிகிரியிலிருந்து 85க்கு ஏற்றி ஓட்டிய பெட்டியில் அந்த வளையங்கள் விலகி, எண்ணிக்கை குறைந்து தெரிந்தன. பாலிகார்பனேட்டுக்கு டை 80 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது மெட்டீரியல் தாளிலேயே அச்சடித்திருக்கும். இங்கே மற்ற மெஷின்களில் பி.பி., ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக்குகள் ஓடுகின்றன. அவற்றுக்குப் பச்சைத் தண்ணீர் போதும், அதே குழாயை இந்த மெஷினுக்கும் இழுத்துவிட்டார்கள். டை ஹீட்டிங் யூனிட் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. சைக்கிள் 38லிருந்து 46 விநாடிக்குப் போனது. அண்ணன் கால்குலேட்டரை எடுத்தார், தட்டினார், வைத்துவிட்டார்.

நட்டைச் சூடாக்கி வைப்பது பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. புத்தகம் சொல்வது சரி, நட்டும் சூடாகப் போனால் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் சுருங்கும். ஆனால் 100 டிகிரியில் வைத்தாலும் பித்தளை சுருங்குவது 0.13 சதவீதம்தான். 0.78 என்பது 0.65 ஆகும். தள்ளுபடி, அவ்வளவே. அதற்காக மெஷின் பக்கத்தில் ஹாட் பிளேட் வைத்து, நான்கு நட்டையும் ஒரே தடவையில் எடுத்து வைக்க ஹைலம் பலகையில் ஒரு ஜிக் செய்தோம், அக்காவின் விரல் சுடாமல் இருக்க. ஜிக் நன்றாக வந்தது, வைக்கிற நேரமும் 15லிருந்து 9 விநாடிக்கு இறங்கியது. ஆனால் சூடு அளக்கிற தெர்மோகப்பிளை வைத்து அளந்தபோது, ஒன்றரை கிராம்கூட இல்லாத நட்டு ஜிக்கிலேயே பாதிச் சூட்டை இழந்துவிடுகிறது என்று தெரிந்தது. மறுபக்கம், சூடாக்காத நட்டுகூட 85 டிகிரி டையின் பின்னில் மேசை திரும்பும்வரை உட்கார்ந்திருந்தால் தானாகவே அதன் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சுழல் மேசையின் காத்திருப்பு நேரமே இலவச அடுப்பு. ஹாட் பிளேட் இப்போதும் ஓடுகிறது. தேவையா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. ஜிக் மட்டும் கண்டிப்பாகத் தேவை.

உண்மையான வேலையைச் செய்தது பாஸின் கனம். நட்டு 6 மி.மீ., பாஸ் 9 மி.மீ. என்றால் சுற்றுச்சுவர் ஒன்றரை மி.மீ.தான். நட்டின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு பாஸ் வைப்பது பழகிய விதி, அதன்படி 12 வேண்டும். பக்கத்தில் சர்க்யூட் போர்டு உட்கார்வதால் 11க்கு மேல் இடமில்லை. பாஸைப் பெரிதாக்குவது என்றால் டையில் இரும்பை எடுப்பதுதான், சேர்ப்பதில்லை, அதனால் சுலபம். புதூர் டூல் ரூமில் இரண்டு கீழ்ப்பாதியையும் கொடுத்துக் குடைந்து வாங்கினோம். உள் விளிம்பில் இழுப்பு இதனால் மாயமாகாது. வெளி ஓரம் வரும்போது அது நன்றாகத் தணிந்துவிடும், உள்ளே ஆரம்பிக்கிற கீறல் வெளியே ஓடி வர வழி கிடைக்காது. கனம் கூடினதால் வெளிச்சுவரில் பாஸுக்கு நேராக லேசான குழி விழுந்தது. டை நிரம்பியபின் பிளாஸ்டிக்கை அமுக்கிப் பிடிக்கிற ஹோல்டிங் பிரஷரை ஏற்றிப் பெரும்பாலும் சமாளித்தோம்.

நட்டிலும் ஒரு மாற்றம். குறுக்கு நர்லிங்கின் கூர்முனைகளுக்குப் பதிலாக நேர் நர்லிங், இரண்டு முனையிலும் மழுக்கல், நடுவில் ஒரு காடி. டர்னிங் கடைக்காரர் காடிக்குத் தனிக் காசு கேட்டார், கிடைத்தது. அதோடு உயரத்துக்கு ஒரு கேஜ் செய்து அவர் கையிலேயே கொடுத்தோம். நட்டு உயரமானால் மேல்பாதி அதன் தலையில் உட்கார்ந்து டையை நசுக்கும். குட்டையானால் பிளாஸ்டிக் மேலே ஏறி மரையை அடைக்கும். 8 மி.மீ.க்கு இந்தப் பக்கம் 0.05, அந்தப் பக்கம் 0.05, அவ்வளவுதான் மன்னிப்பு. விரிசல் பேச்சில் யாரும் இதைக் கவனிக்காமல் இருந்தார்கள்.

பெட்டியை 125 டிகிரியில் சுட்டு இழுவிசையைத் தணிக்கும் வழியையும் பார்த்தோம். நடக்கிறது, ஆனால் மூடி உட்காரும் விளிம்பு லேசாகக் கோணிக்கொண்டது. விட்டுவிட்டோம்.

எல்லாம் மாற்றியபின், பழைய சொட்டு எண்ணெய்ச் சோதனையையே திரும்ப வைத்தோம். இருபது பெட்டி, நான்கு பாஸுக்கும் ஒரு சொட்டு, பத்து நாள். ஒரு பெட்டியில் ஒரு பாஸில் மட்டும் நட்டை ஒட்டிப் பொடிக் கீறல், வெளியே வரவில்லை. மற்ற பத்தொன்பதும் சுத்தம். ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து பெட்டிக்கு இந்தச் சோதனை இப்போது கட்டாயம். டொலுயீனும் புரோப்பனாலும் ஒன்றுக்கு மூன்று கலந்து முக்கிப் பார்க்கிற முறை ஆய்வகங்களில் உண்டு, நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த நெடியை ஷாப் ஃப்ளோரில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. சிரிஞ்சும் கட்டிங் ஆயிலும் போதும்.

அண்ணனிடம் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். பாலிகார்பனேட்டில் உலோகத்தை உள்ளே வைத்து மோல்டு பண்ணுவதையே கூடுமானவரை தவிர்க்கலாம். பெட்டியை முதலில் ஓட்டி, நட்டை அல்ட்ராசானிக் அதிர்வுச் சூட்டில் அமுக்கினால் இந்தப் பட்டை கட்டும் வேலையே பெருமளவு இல்லாமல் போகும். சால்டரிங் அயர்னில் சாய்ந்ததும் சுற்றியதும் கை வேலையின் குற்றம், முறையின் குற்றமில்லை. வெர்டிகல் மெஷினுக்கு ஏற்ற வேலை வேறு: ஒயர் முனையில் பிளக் அடிப்பது, நைலானில் டெர்மினல், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி. அங்கே அது ராஜா.

"மெஷினை வாங்கிட்டேனே தம்பி" என்றார்.

அதே வாடிக்கையாளர் இப்போது கொஞ்சம் பெரிய பெட்டி கேட்டிருக்கிறார். அதுவும் பாலிகார்பனேட், ஆறு நட்டு. டிராயிங் புதன்கிழமை வருகிறது. பாஸ் 12 மி.மீ. இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா மடியில் துண்டு இன்னும் இருக்கிறது. நட்டுதான் கழுவி வருகிறதே என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், டீ குடிச்சா கை தொடைக்க ஆகும்" என்றார்.